பயனும் மதிப்பும்: உத்தியோக மோகத்துக்கு ஒரு மறுப்புரை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்திலே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பழமொழி. பழமொழிகள் ஒரு சமூகத்தின் அனுபவ ஞானத்தைத் திரட்டித் தருவன என்று நமக்குப் பள்ளியிலே கற்பிக்கப்பட்டது. அவை அச்சமூகத்தின் நோய்களையும் திரட்டித் தருவன என்பதை எவரும் கற்பிக்கவில்லை. இப்பழமொழியைச் சற்று ஊன்றி நோக்குவோம். கோழி மேய்த்தல் இழிவான வேலை என்று அது முதலிற் கொள்கிறது. அவ்விழிவை அரசாங்கத்தின் முத்திரை கழுவிவிடும் என்று அடுத்துக் கொள்கிறது. கோழிக்கு என்ன நேர்ந்தது, முட்டை யாருடைய பசியைத் தீர்த்தது என்ற வினா அதில் எழவேயில்லை. வேலையின் பயன் அங்கே கணக்கில் இல்லை. வேலை கொடுப்பவரின் பெயரும், மாதச் சம்பளமும், முடிவிலே வரும் ஓய்வூதியமுமே கணக்கில் உள்ளன.

இக்கட்டுரை அப்பழமொழிக்கு எதிரானது. ஆனால், அதற்கு மட்டும் எதிரானதன்று. அதனை எதிர்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு, உழைப்பின் மகத்துவத்தை மேடைதோறும் பாடி, உழைப்பவனின் கூலியைப் பற்றி வாய் திறவாத மற்றொரு கூட்டத்துக்கும் இது எதிரானது. முன்னவர்கள் உழைப்பை இகழ்கிறார்கள். பின்னவர்கள் அதனைப் புகழ்கிறார்கள். உழைப்பவனுக்கு இருவராலும் கிடைப்பது ஒன்றே என்பதைக் காட்ட இங்கு முயல்கிறேன்.

மோகத்தின் வரலாறு

உத்தியோக மோகத்தைக் கேலி செய்வது எளிது. அதனைக் கேலி செய்யாத நாடகம் நம்மிடையே இல்லை. எனினும், ஒரு மனப்பான்மை தோன்றிய காரணத்தை அறியாமல் அதனை ஒழித்தல் இயலாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின்மேற் படிந்த மண்ணைக் கிணற்று நீர் இறைத்தே பண்படுத்தவேண்டியிருந்தது. காணி துண்டு துண்டாகப் பிரிந்து சீதனமாகக் கைமாறியது. இத்தகைய நிலத்தில், 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியும் அதனைத் தொடர்ந்தெழுந்த ஆங்கிலப் பாடசாலைகளும் ஒரு புதிய வாயிலைத் திறந்தன. குடியேற்ற ஆட்சிக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். ஆங்கிலம் கற்ற இளைஞர் இங்கே இருந்தனர். கொழும்புக் கந்தோர்களுக்கும், பின்னர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் திறைசேரிக்கும் அவர்கள் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்திற் கல்வீடுகள் எழுந்தன. 'மலாயன் பென்சனியர்' என்பது ஊரிலே ஒரு பட்டம் போலாயிற்று.

ஆகவே, தம் பிள்ளை அரசாங்க உத்தியோகம் பெறவேண்டும் என்று விரும்பிய பெற்றோர் மூடர் அல்லர். மழை பொய்த்தாலும், வெங்காயத்தின் விலை வீழ்ந்தாலும், ஓய்வூதியம் பொய்க்காது என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும் தமிழ் இளைஞரை ஏன் அவ்வளவு ஆழமாகத் தாக்கின என்பதற்கும் இதுவே விளக்கம். பாதுகாப்பை நாடுதல் குற்றமன்று. குற்றம் வேறோரிடத்தில் உள்ளது. கந்தோருக்குப் போனவன் உயர்ந்தவன் என்ற நம்பிக்கையோடு, தோட்டத்திலும் கடலிலும் பட்டறையிலும் நின்றவன் தாழ்ந்தவன் என்ற நம்பிக்கையும் உடன் வளர்ந்தது. முன்னது பொருளாதாரத் தேவையிற் பிறந்தது. பின்னது அவ்வாறு பிறந்ததன்று. அதன் வேரைப் பின்னர் காண்போம்.

பதவி வேறு, பணி வேறு

2017இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்திற் பந்தலிட்டு அமர்ந்தனர். 2020இல் ஐம்பதாயிரம் பட்டதாரிகளை அரசாங்க சேவையிற் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வேலை கேட்டவர்களை நான் குறைகூறேன். பட்டத்தைக் கையிற் கொடுத்துவிட்டு வழியைக் காட்டாத அரசே முதற் குற்றவாளி. எனினும் நம்மை நாமே கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: நாம் கேட்டது பணியையா, பதவியையா?

நியமனம் பெற்றுக் கந்தோருக்குச் சென்ற பின், செய்வதற்கு வேலையில்லாமல், சில வேளை அமர்வதற்குக் கதிரையும் இல்லாமல், வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு மாலை வரை காத்திருக்கும் பட்டதாரிகளை நாம் அறிவோம். ஊர் அவர்களை மதிக்கிறது. திருமணச் சந்தையும் மதிக்கிறது. ஆயின், ஒருநாள் தாம் வராதுவிட்டால் எவருக்கும் எதுவும் குறையாது என்பதை அவர்களது உள்ளம் அறியும். இவ்வறிவு மனிதனை மெல்ல மெல்ல அரிப்பது. நோக்கம் என்பது தன்னந்தனியே கண்ணை மூடித் தியானித்துக் கண்டுபிடிக்கும் பொருளன்று. நான் செய்து முடிப்பதற்காக மற்றொருவன் காத்திருக்கிறான் என்பதே ஒருவனுடைய நாளுக்கு நோக்கத்தைத் தருகிறது. காத்திருப்பவன் இல்லாத வேலைக்குச் சம்பளம் உண்டு, பொருள் இல்லை.

இதற்கு மறுதலையான சான்று நம் அண்மைய வரலாற்றிலேயே உண்டு. 1990இன் பின்னர் யாழ்ப்பாணம் பல ஆண்டுகள் மின்சாரமின்றி, எரிபொருளின்றிப் பொருளாதாரத் தடையின் கீழ்க் கிடந்தது. அவ்வாண்டுகளில் ஊரைத் தாங்கியவர் யார்? பெற்றோலில் ஓடவேண்டிய மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி உயிரூட்டி மண்ணெண்ணெயில் ஓடவைத்த கராச்சுக்காரர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலியைப் பேசவைத்த இளைஞர். தேய்ந்த ரயருக்கு ஒட்டுப் போட்டு ஆசிரியரையும் தாதியையும் வேலைக்கு அனுப்பிவைத்த சைக்கிள் கடைக்காரர். சிறிதளவு மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து எரியும் ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து படித்தவர்கள் பின்னர் மருத்துவரும் பொறியியலாளரும் ஆயினர். அவர்களைப் பற்றிப் பரிசளிப்பு விழாக்களிற் பேசுகிறோம். விளக்கைச் சமைத்த கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. கராச்சுக்காரனுக்கு அன்று எவரும் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை. ஆனால், காலையில் அவன் கடையைத் திறக்கும்போது வாசலிற் பத்துப் பேர் நின்றனர்.

புகழ்ச்சி என்னும் ஏமாற்று

இவ்வளவில் நிறுத்தினால் இக்கட்டுரையைப் பலரும் பாராட்டுவர். முதலாளிமார் தம் ஆண்டு விழாவிற்கூட இதனை வாசிக்கலாம். "உழைப்பே உயர்வு, எந்த வேலையும் இழிவல்ல" என்று தொழிலாளருக்குக் கூறி, நினைவுச் சின்னம் ஒன்றையும் கையிற் கொடுத்து அனுப்பலாம். ஆதலால் இவ்விடத்தில் நிறுத்தலாகாது.

மலையகத்தை நோக்குவோம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு இந்நாட்டுக்குப் பயன்பட்டோர் பட்டியல் ஒன்றைத் தயாரித்தால், கொழுந்து பறிக்கும் பெண்ணை அதன் முதலிடத்திலன்றி வேறெங்கு வைப்பது? இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளப்படும் பச்சைக் கொழுந்து ஏறத்தாழ நாலரைக் கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலை ஆகும். பதினெட்டுக் கிலோ பறித்து மலைச்சரிவிற் சுமந்து இறங்கும் ஒருத்தி, நான்கு கிலோ தேயிலையை உலகுக்குத் தருகிறாள். அட்டைக்கடியும் மழையும் சறுக்கும் பாதையும் அவளுக்குரியன. நிறுவையிற் சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் கிலோக்களும் அவளுக்குரியன.

பயன்படுதலே மதிப்பைத் தருமாயின், இந்நாட்டின் அதியுயர்ந்த மதிப்பு அவளுக்கு வந்திருக்கவேண்டும். வந்தது என்ன? தேயிலை நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக இருந்த 1948இலேயே, அதனை விளைவித்தவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்திலே அவர்கள் இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003இன் சட்டத்தாலேயே குடியுரிமை கிடைத்தது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகள் வீதியில் நின்ற பின்னரே 2021இல் வர்த்தமானியில் ஏறியது. அதனையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. 2020இல் கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்கின்போது நாடு முழுவதும் வீட்டுக்குள் இருக்கத் தோட்டங்கள் மட்டும் இயங்கின. 'அத்தியாவசியம்' என்ற சொல் அன்று அவர்களைப் புகழ்ந்தது. அச்சொல் கூலிப் பட்டியலில் ஒரு சதத்தையும் கூட்டவில்லை.

தேயிலை ஒன்று மட்டுமன்று. இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தரும் பெருந்துறைகளை எண்ணிப் பாருங்கள். தேயிலை, 1978இற் கட்டுநாயக்கவிலே தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்தோடு பெருகிய ஆடைத் தொழில், மத்திய கிழக்கிலிருந்து வரும் பணம் ஆகிய மூன்றிலும் பெண்களின் கைகளே பெரும் பாரத்தைச் சுமந்துள்ளன. 2022இல் நாடு வங்குரோத்தாகி எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, இக்கைகள் ஈட்டிய டொலரையே நாடு எதிர்பார்த்து நின்றது. ஆனால், 'தோட்டக்காட்டார்' என்றும் 'கார்மன்ற் பெட்டை' என்றும் 'கத்தாம்' என்றும் அவர்களை அழைக்கும் வாய்கள் அவ்வரிசையிலும் மூடவில்லை.

இதனாற் பெறப்படுவது யாது? பயன் வேறு, விலை வேறு, மதிப்பு வேறு. ஒரு வேலையின் பயனை அது தீர்க்கும் தேவை நிர்ணயிக்கிறது. விலையை, பேரம் பேசும் இருவரின் பலம் நிர்ணயிக்கிறது. மதிப்பை, சமூகத்தின் அதிகாரம் யார் கையில் உள்ளதோ அவர்கள் நிர்ணயிக்கின்றனர். இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்புவதே இரு தரப்பினரதும் ஏமாற்று. விலை குறைந்ததனால் வேலை இழிந்தது என்பான் ஒருவன். வேலை உயர்ந்தது, ஆகவே விலையைக் கேளாதே என்பான் மற்றவன்.

இன்றியமையாதவனும் தீண்டத்தகாதவனும்

உழைப்பை இகழும் மனப்பான்மையை ஆங்கிலேயன் கொண்டுவந்தான் என்று சொல்லித் தப்பிவிட நம்மிற் பலர் விரும்புவர். அது பாதி உண்மைகூட அன்று. ஆங்கிலேயன் கந்தோரைக் கொண்டுவந்தான்; இகழ்ச்சி அவன் வருமுன்னரே இங்கிருந்தது. 'உழவு' என ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தார் என்று நாவன்மைப் போட்டிகளில் முழங்குகிறோம். அந்த உழவனின் காணியிலே கூலிக்கு நின்றவன் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளலாம் என்பதற்கு விதி வகுத்தவர்களும் நாமே.

யாழ்ப்பாணத்துக் குடிமை முறையை ஆராய்ந்தால் ஒரு விந்தை புலப்படும். பரியாரியும் கட்டாடியாரும் பறையறைவோரும் இல்லாமற் கலியாண வீடோ செத்த வீடோ நடவாது. பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு வாசலிலும் இவர்களது உழைப்பு நின்றது. இவர்கள் வாசலுக்கு வெளியே நின்றனர். இன்றியமையாதவனே தீண்டத்தகாதவனாகவும் இருந்தான். எவ்வளவு அதிகம் பயன்பட்டானோ அவ்வளவு தூரம் தள்ளிவைக்கப்பட்டான். பயன்படு, மதிப்புத் தானாக வரும் என்று உபதேசிப்போர் இவ்வரலாற்றுக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

மதிப்பு எப்போது வந்தது? சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது; தேநீர்க் கடைகளின் தனிக் குவளைகளை அச்சட்டம் மட்டும் உடைத்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்தவர்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் அமர்ந்தவர்களுமே அவற்றை உடைத்தனர். ஊருக்குப் பயன்பட்ட அதே கைகள் குடிமைத் தொழிலைச் செய்ய மறுக்கத் தொடங்கிய வேளையிலேயே ஊர் அவற்றை நிமிர்ந்து பார்த்தது. ஆகவே ஒன்றைத் துணிந்து கூறலாம். பயன்படுதல் வேலைக்குப் பொருளைத் தருகிறது. அவ்வேலையை மறுக்கும் உரிமையே அதற்கு மானத்தைத் தருகிறது. பிறப்பினால் விதிக்கப்பட்டு, மறுக்க வழியின்றிச் செய்யப்படும் சேவை எவ்வளவு பயனுடையதாயினும் அது அடிமைத்தனமே.

பனையேறுவோரின் வரலாறும் இதையே கூறும். தளைநாரைக் காலிற் பூட்டி, பாளைக் கத்தியும் முட்டியும் இடையிற் கட்டி, காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்கிய சீவல் தொழிலாளி, தவறணைக் குத்தகைக்காரர் வைத்த விலைக்கே கள்ளைக் கொடுக்கவேண்டியிருந்தது. 1970களிற் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி விற்பனை தொழிலாளர் கைக்கு வந்தபோது பனையும் மாறவில்லை, கத்தியும் மாறவில்லை, கள்ளும் மாறவில்லை. தொழிலாளியின் வீட்டுப் பிள்ளை பாடசாலையில் நீடித்தது. வேலை அதுவே, அதன் மேலுள்ள அதிகாரம் மாறியது.

தொழிலை மறைக்காமல் நிமிர்ந்து நின்ற ஒரு மனிதரையும் இங்கு குறிப்பிடல் தகும். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்தவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கியவர். சவரக் கத்தியைப் பிடித்த கை பேனாவைப் பிடித்தது என்று வியப்போர், அவ்வியப்பினாலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கிறார்கள். சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுருட்டைச் சுற்றியபடியே உலக அரசியலைக் கேட்டு விவாதித்த நாடு இது. கைக்கும் கருத்துக்கும் இடையே சுவர் எழுப்பியது உழைப்பாளி அல்லன்.

இரு மறுப்புகள்

இங்கே இரு மறுப்புகள் எழலாம். பயன்படுதலைப் பெரிதாகப் பேசினால், நோயுற்றவரும் முதியவரும் உடல் வலுவிழந்தவரும் மதிப்பற்றவர் ஆவரோ என்பது ஒன்று. ஆகார். மனிதனுக்குரிய மதிப்பு மனிதன் என்பதனாலேயே உரியது. அதனை உழைத்துச் சம்பாதிக்க வேண்டியதில்லை. போர் எத்தனையோ பேரின் கைகால்களைக் கொண்டுபோன ஒரு மண்ணில் இதனை ஐயந்திரிபறக் கூறுதல் கடமை. நான் பேசுவது வேலையின் மதிப்பை. உண்மையில், பயன்பட விரும்பும் அவர்களுக்கு ஏற்ற வேலையையும் பாதையையும் அமைத்துக் கொடாமல் அனுதாபத்தை மட்டும் கொடுக்கும் சமூகமே அவர்களை இழிவுபடுத்துகிறது.

மற்றையது நம்மை நோக்கியது: கலைப்பீடத்து மாணவன் பயனைப் பற்றிப் பேசலாமா? தமிழும் வரலாறும் மெய்யியலும் கற்றவனால் யாருக்கு என்ன பயன்? தொழிற்சந்தையில் விலைபோகாத பாடங்களை மூடிவிட வேண்டும் என்போர் இன்று பெருகிவருகின்றனர். அவர்களுக்கு விடை மேலேயே கூறப்பட்டது. அவர்கள் விலையைப் பயனென்று மயங்குகிறார்கள். சந்தை கேட்பதெல்லாம் பயனுடையதாயின் போதைப்பொருளைப்போற் பயனுடையது வேறில்லை. ஆயினும் இவ்விடையோடு நாம் மகிழ்ந்து உறங்கிவிடலாகாது. நம் கல்விக்குப் பயன் உண்டு என்று சொல்லுதல் எளிது. அதற்காகக் காத்திருப்பவர் யாரென்று காட்டுதல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

காத்திருப்போர் இருக்கின்றனர். 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும், தமக்கு விளங்காத மொழியிலே வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் வாசிப்பிப்பது என்று தெரியாமல் நிற்கும் தமிழர் இன்றும் உளர். ஊழியர் சேமலாப நிதிக்கான படிவத்தை நிரப்பத் தரகருக்குப் பணம் கொடுக்கும் தோட்டத் தொழிலாளர் உளர். தமிழ்ச் சங்கம் சனிக்கிழமைதோறும் ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் இட்டு, இரு மொழிகளும் அறிந்த மாணவர் சிலரை அமர்த்தினால், ஒரு மாலைக் கவியரங்கைவிட அது தமிழுக்குச் செய்யும் தொண்டு பெரிது.

பனைத் தொழிலிலும் கடற்றொழிலிலும் தச்சிலும் நெசவிலும் வழங்கிவந்த சொற்கள், அத்தொழில் செய்த முதியோரோடு மறைந்துவருகின்றன. மொழியியல் கற்கும் மாணவருக்கு ஆய்வேட்டுத் தலைப்பு இல்லை என்ற குறை இனி வேண்டாம். ஒரு கரைவலைக்காரரிடம் சென்று அமர்க. அவர் தகவல் தருபவர் அல்லர், ஆசிரியர் என்பதை மட்டும் மறவாதிருக்க.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நம் விடுதியிலிருந்தே தொடங்கலாம். பாட்டாளி வர்க்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு, உண்ட கோப்பையை மேசையிலே விட்டுச் செல்லும் தோழர்கள் நம்மிடையே உளர். தந்தையின் வயதுடைய சுத்திகரிப்புத் தொழிலாளியை 'வா, போ' என்று ஒருமையில் விளிப்போர் உளர். அதே நாவால் விரிவுரையாளரை 'ஐயா' என்பர். இலக்கணம் கற்ற நமக்கு ஒருமை பன்மை மயக்கம் இவ்விடத்தில் மட்டும் எவ்வாறு நேர்கிறது? மேலும், மரியாதைச் சொல்லோடும் நின்றுவிடலாகாது. மலக்குழியில் இறங்குபவருக்கு வேண்டியது வாழ்த்துப்பா அன்று. இயந்திரமும் கையுறையும் காலணியும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வேண்டியது தேயிலைப் பெட்டியிற் புன்னகைக்கும் படம் அன்று. மலையிலே ஒரு மலசலகூடமும், கழிவற்ற நிறுவையும், வாழப் போதுமான கூலியும். வேலையை மதித்தல் என்பது அவ்வேலை நடைபெறும் நிலைமையை மாற்றுதலே.

பட்டம் பெற்று வெளியேறும் நம்மிற் சிலர் அரசாங்க சேவைக்குச் செல்வோம். செல்லுதல் தவறன்று. கச்சேரியின் மேசைக்கு முன்னால் மூன்றாம் முறையாக வந்து நிற்கும் ஒரு விதவையின் காணிப் பத்திரத்தை அன்றைக்கே முடித்துக் கொடுக்கும் எழுதுவினைஞர், கராச்சுக்காரருக்கும் கொழுந்து பறிப்பவளுக்கும் சமமானவர். நாளைக்கு வரச்சொல்லி அனுப்புபவர் எத்தரத்து உத்தியோகத்தராயினும் அவர்களுக்குச் சமமானவர் அல்லர். சிலர் சேவைக்குச் செல்லாமல் வேளாண்மையோ வியாபாரமோ பட்டறையோ தொடங்கக்கூடும். அவர்களைப் பார்த்து "இதுக்கோ கம்பஸுக்குப் போனவன்?" என்று கேட்கும் ஊருக்கு விடை சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. உடன் படித்த நம் எல்லோருக்கும் உரியது.

என்ன உத்தியோகம் என்று கேட்கும் வழக்கத்தை விடுவோம். யாருக்குப் பயன்படுகிறீர், அதற்கேற்ற கூலி கிடைக்கிறதா, வேண்டாமென மறுக்க உம்மால் முடியுமா என்ற மூன்றையும் கேட்போம். இம்மூன்றுக்கும் விடை கூற இயலாத பதவி, அது கோறணமேந்தினுடையதாயினும், நமக்கு வேண்டாம். இம்மூன்றும் கிடைக்காத உழைப்பாளி எவராயினும், அவை கிடைக்கும்வரை அவர் பக்கத்திலே நிற்போம்.